ரத்து... 3 நாளில் மறுபிறவி... மீண்டும் ரத்து! 'டைம்லெஸ்' டைம் டிராவல் தொடரை இப்போது ஏன் திரும்பிப் பார்க்க வேண்டும்?

ஒரு டிவி தொடர் ரத்தாவது பெரிய செய்தி இல்லை. ஆனால், ரத்து என்று அறிவித்த 3 நாளில் "இல்லை, தொடர்கிறோம்" என்று சேனலே பின்வாங்குவது அபூர்வம். அடுத்த ஆண்டே அதே தொடர் மீண்டும் ரத்தாகி, ரசிகர்கள் பணம் போட்டு ஹெலிகாப்டரில் பேனர் கட்டிப் பறக்கவிட்டு, கடைசியில் கிளைமாக்ஸுக்காக மட்டும் 2 மணி நேரம் வாங்கினார்கள் என்றால் அது அதைவிட அபூர்வம்.

அமெரிக்காவின் என்.பி.சி சேனலில் 2016-ல் தொடங்கி 2018-ல் முடிந்துபோன 'டைம்லெஸ்' தொடரின் கதை இதுதான். 2 சீசன், 26 எபிசோடு, கடைசியாக ஒரு 2 பாக சிறப்பு எபிசோடு. அவ்வளவுதான்.

முடிந்து இத்தனை வருஷம் ஆகிவிட்டதே, இப்போ எதுக்கு இந்தப் பேச்சு என்று தோன்றலாம். இந்தத் தொடர் கற்பனையாகக் கேட்ட ஒரு கேள்வியை, 2025-ல் இருந்து அமெரிக்கா நிஜத்தில் கேட்டுக்கொண்டிருக்கிறது. "நாட்டின் வரலாற்றை மாற்றி எழுத யாருக்கு உரிமை?" என்பதுதான் அந்தக் கேள்வி.

விரிவாகப் பார்க்கலாம்.

கதை என்ன?

கதை ரொம்ப சிம்பிள். ஒரு தனியார் நிறுவனம் ரகசியமாக டைம் மெஷின் ஒன்றை உருவாக்கி வைத்திருக்கிறது. அதை கார்சியா ஃபிளின் என்பவர் கடத்திக்கொண்டு கடந்த காலத்துக்குப் போய்விடுகிறார். அவரைத் துரத்த அரசு ஒரு டீம் போடுகிறது. அந்த டீமில் 3 பேர்.

ஒருவர் லூசி பிரெஸ்டன், வரலாற்றுப் பேராசிரியர். இன்னொருவர் வயட் லோகன், ராணுவ வீரர். மூன்றாவது ரூஃபஸ் கார்லின், மெஷினை ஓட்டத் தெரிந்த இன்ஜினியர். அபிகெய்ல் ஸ்பென்சர், மேட் லான்டர், மால்கம் பேரட் ஆகியோர் இந்த வேடங்களில் நடித்தார்கள். ஃபிளினாக வந்தவர் கோரன் விஸ்னிச்.

தொடரை உருவாக்கியவர்கள் எரிக் கிரிப்கி, ஷான் ரயான். 'சூப்பர்நேச்சுரல்' தொடரை உருவாக்கியவர் கிரிப்கி. 'தி ஷீல்டு' தொடரைத் தந்தவர் ரயான். இருவருமே இந்தத் தொழிலில் பழம் தின்று கொட்டை போட்டவர்கள்.

இந்தக் கதைக்கு சில விதிகள் உண்டு.

- நீங்கள் ஏற்கெனவே வாழ்ந்த காலத்துக்கு, ஏற்கெனவே ஒருமுறை போய்வந்த இடத்துக்கு மறுபடி போக முடியாது. தப்பு நடந்தால் திருத்த இரண்டாவது சான்ஸ் கிடையாது.
- துரத்திப் போகும் டீமிடம் இருப்பது 'லைஃப்போட்' என்ற பழைய சோதனை மெஷின். அதில் 3 பேருக்குத்தான் இடம்.
- கடந்த காலத்தில் ஏதாவது மாறினால், நிகழ்காலத்தில் இருப்பவர்களுக்கு அது தெரியாது. மெஷினில் போய்வந்தவர்களுக்கு மட்டும்தான் பழைய உலகம் ஞாபகம் இருக்கும்.

அந்த மூன்றாவது விதிதான் கதையின் உயிர்நாடி.

முதல் எபிசோடிலேயே விழுந்த அடி

2016 அக்டோபர் 3-ல் ஒளிபரப்பான முதல் எபிசோடு, 1937 மே 6-க்குப் போகிறது. ஜெர்மனியின் 'ஹிண்டன்பர்க்' வான்கப்பல் அமெரிக்காவின் நியூஜெர்சியில் தரையிறங்கும்போது தீப்பிடித்து எரிந்த நாள் அது. நிஜத்தில் அந்த விபத்தில் 36 பேர் இறந்தார்கள்.

தொடரில், ஃபிளினின் குறுக்கீட்டால் அன்றைக்கு அந்த விபத்து நடக்காமல் போகிறது. சாக வேண்டியவர்கள் பலர் பிழைத்துக்கொள்கிறார்கள். நல்ல விஷயம்தானே?

இங்கதான் கதை திரும்புது. வேலையை முடித்துவிட்டு லூசி வீட்டுக்கு வருகிறார். படுத்த படுக்கையாக இருந்த அம்மா நல்ல ஆரோக்கியத்தோடு நிற்கிறார். ஆனால் தங்கையைக் காணவில்லை. இறந்துபோகவில்லை, அப்படி ஒருத்தி பிறக்கவே இல்லை. பிழைத்த ஒருவரின் வாரிசு வழியாக, குடும்ப மரத்தின் ஒரு கிளையே வேறு பக்கம் போய்விட்டது.

தங்கை இருந்தாள் என்பது லூசிக்கு மட்டும்தான் தெரியும். ஒரு போட்டோகூட வெளியுலகில் இல்லை. "உனக்குத் தங்கையே கிடையாதே" என்கிறார் பெற்ற அம்மா.

வரலாறு என்றால் ராஜாக்கள், போர்கள், தேதிகள் என்று படித்தவர்களுக்கு, அது ஒரு வீட்டின் அறைக்குள் வந்து என்ன செய்யும் என்று இந்த ஒரு காட்சி காட்டிவிட்டது.

மற்ற டைம் டிராவல் தொடர்களில் இல்லாத விஷயம் என்ன?

ரூஃபஸ் ஒரு கறுப்பின இளைஞர். டைம் மெஷினில் ஏறச் சொன்னபோது அவர் சொல்லும் முதல் ஆட்சேபமே இதுதான்: அமெரிக்க வரலாற்றில் எந்தக் காலத்துக்குப் போனாலும் அது தன்னைப் போன்ற ஒருவருக்கு நல்ல காலமாக இருக்காது.

நகைச்சுவை போல வரும் இந்தப் பேச்சு, தொடர் முழுவதும் பின்னணியில் ஓடிக்கொண்டே இருக்கிறது. லூசிக்கும் வயட்டுக்கும் கடந்த காலம் ஒரு சாகசப் பயணம். ரூஃபஸுக்கு அது பின்கதவு வழியாக உள்ளே போக வேண்டிய இடம், தலை குனிந்து பேச வேண்டிய இடம். ஒரே மெஷினில் போகும் 3 பேருக்கும் ஒரே வரலாறு கிடைப்பதில்லை.

1865-ல் ஆபிரகாம் லிங்கன் சுடப்படும் இரவுக்கு டீம் போகிறது. வரலாறு மாறாமல் பார்த்துக்கொள்வதுதான் அவர்கள் வேலை. லிங்கனைக் காப்பாற்றினால் என்ன என்கிறார் ரூஃபஸ். அடிமை முறை முடிந்த பிறகு கறுப்பின மக்களுக்கு நடந்த கொடுமைகள் குறைந்திருக்கலாமே என்பது அவர் வாதம். வரலாறு படித்த லூசியிடம் இதற்கு எளிதான பதில் இல்லை. "வரலாற்றைக் காப்பாற்று" என்ற உத்தரவு யாருக்குச் சாதகமானது என்ற கேள்வி இரண்டாவது எபிசோடிலேயே வந்துவிடுகிறது.

பாடப்புத்தகம் மறந்தவர்களைத் தேடிப் போன தொடர்

பிரபலமான சம்பவங்களைத் தொட்டாலும், அங்கே ஓரமாக நின்றவர்களைத்தான் இந்தத் தொடர் அதிகம் தேடியது. சில உதாரணங்கள்:

கேத்தரின் ஜான்சன்: 1969 நிலவுப் பயணம் பற்றிய எபிசோடில் ஆம்ஸ்ட்ராங், ஆல்ட்ரினைக் காப்பாற்ற உதவுபவர் இவர். நாசாவில் விண்கலங்களின் பாதையைக் கணக்கிட்ட கறுப்பினக் கணிதவியலாளர். இவரைப் பற்றிய 'ஹிடன் ஃபிகர்ஸ்' படம் தியேட்டருக்கு வந்தது 2016 டிசம்பரில். அதற்கு முந்தைய மாதமே டைம்லெஸ் இவரை டிவிக்குக் கொண்டுவந்துவிட்டது.

பாஸ் ரீவ்ஸ்: அடிமையாகப் பிறந்து, பிறகு அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் புகழ்பெற்ற மார்ஷல் அதிகாரி ஆனவர். கௌபாய் படங்கள் பார்த்து வளர்ந்த பலருக்கு இப்படி ஒருவர் இருந்ததே தெரியாது. இவரை மையமாக வைத்துத் தனித் தொடர் வந்தது 2023-ல்தான்.

ஹெடி லமார்: ஹாலிவுட்டின் அழகி என்று மட்டும் பேசப்பட்ட நடிகை. ரேடியோ அலைவரிசையை மாற்றிக்கொண்டே இருக்கும் தொழில்நுட்பத்துக்கு 1942-ல் இசையமைப்பாளர் ஜார்ஜ் ஆந்தெய்லுடன் சேர்ந்து காப்புரிமை வாங்கியவர்.

வெண்டல் ஸ்காட்: நாஸ்கார் கார் பந்தயத்தின் உயர்மட்டத் தொடரில் ஜெயித்த முதல் கறுப்பின வீரர். 1963-ல் அவர் ஜெயித்தபோது கோப்பையை முதலில் வேறு ஒருவர் கையில் கொடுத்தார்கள்.

ஹேரியட் டப்மன்: 1863 ஜூனில் தென் கரோலினாவின் கம்பாஹீ ஆற்றில் நடந்த ராணுவத் தாக்குதலுக்கு வழிகாட்டியவர். அந்த ஒரே நடவடிக்கையில் 700-க்கும் மேற்பட்ட அடிமைகள் விடுவிக்கப்பட்டனர். தப்பி வந்தவர்களுக்கு உதவியவர் என்று மட்டும் பாடத்தில் வரும் ஒரு பெண்ணை, படை நடத்தியவராக இந்தத் தொடர் காட்டியது. எபிசோடின் பெயரே 'தி ஜெனரல்'.

டப்மனின் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கட்டுரையின் கடைசியில் மறுபடி வருவார்.

சரி, இவ்வளவு நல்ல தொடர் ஏன் ரத்தானது?

காலவரிசையை முதலில் பார்த்துவிடலாம்.

- 2016 அக்டோபர் 3: முதல் எபிசோடு
- 2017 பிப்ரவரி: முதல் சீசன் 16 எபிசோடுகளுடன் முடிகிறது
- 2017 மே 10: தொடர் ரத்து
- 2017 மே 13: ரத்து வாபஸ்! 10 எபிசோடுகளுக்கு இரண்டாவது சீசன் அறிவிப்பு
- 2018 மார்ச் 11: இரண்டாவது சீசன் தொடக்கம்
- 2018 மே 13: இரண்டாவது சீசன் முடிவு
- 2018 ஜூன்: மீண்டும் ரத்து
- 2018 ஜூலை இறுதி: 2 பாக இறுதி எபிசோடு அறிவிப்பு
- 2018 டிசம்பர் 20: இறுதி எபிசோடு ஒளிபரப்பு

இந்த இழுபறிக்குப் பின்னால் 3 காரணங்கள் இருக்கின்றன.

காரணம் 1: செலவு

ஒரு சாதாரண போலீஸ் தொடருக்கு ஒரு ஸ்டேஷன், ஒரு கோர்ட், இரண்டு கார் இருந்தால் ஒரு சீசனையே ஓட்டிவிடலாம். டைம்லெஸுக்கு அப்படி இல்லை. இந்த வாரம் 1937, அடுத்த வாரம் 1865, அதற்கடுத்து 1962 லாஸ் வேகாஸ். ஒவ்வொரு வாரமும் புது செட், புது உடை, புது வாகனங்கள். ஒரு வாரம் தைத்த கோட்டை அடுத்த வாரம் போட முடியாது.

முதல் சீசன் கனடாவின் வான்கூவரில் எடுக்கப்பட்டது. இரண்டாவது சீசனுக்கு கலிபோர்னியாவுக்கு இடம் மாறினார்கள். வெளியூரில் இருந்து வரும் தொடர்களுக்கு அந்த மாகாணம் தரும் வரிச்சலுகை இதற்கு உதவியது.

காரணம் 2: யாருடைய சொத்து?

ரசிகர்கள் அதிகம் கவனிக்காத, ஆனால் சேனல்கள் முதலில் பார்க்கும் விஷயம் இது.

டைம்லெஸ் தொடரின் முக்கியத் தயாரிப்பாளர் சோனி பிக்சர்ஸ் டெலிவிஷன். என்.பி.சி-யின் சகோதர நிறுவனமான யுனிவர்சலும் தயாரிப்பில் இருந்தது. ஆனாலும் இது சேனல் குழுமத்தின் முழுச் சொத்து கிடையாது.

ஒரு சேனல் தன் சொந்த ஸ்டுடியோவின் தொடரை ஓட்டினால், விளம்பர வருமானம் குறைந்தாலும் வெளிநாட்டு விற்பனை, ஓடிடி விற்பனை என்று பின்னால் வரும் காசு குடும்பத்துக்குள்ளேயே சுற்றும். வெளி ஸ்டுடியோவின் தொடர் என்றால், ஒளிபரப்பும் உரிமைக்குச் சேனல் பணம் கட்ட வேண்டும். பின்னால் வரும் லாபத்தின் பெரும்பகுதி வேறு இடத்துக்குப் போகும். வாடகை வீட்டுக்கு யாராவது மாடி கட்டுவார்களா? அந்தக் கணக்குதான்.

இதற்கு இன்னொரு உதாரணமும் உண்டு. ஷான் ரயான் இணைந்து உருவாக்கிய 'ஸ்வாட்' என்ற போலீஸ் தொடர் சி.பி.எஸ் சேனலில் ஓடியது. அதிலும் சோனி முக்கியப் பங்குதாரர். 2023 மே மாதம் அது ரத்தானது. 3 நாளில் ரத்து வாபஸ் ஆனது. 2025-ல் நிரந்தரமாக மூடப்பட்டது. ஒரே படைப்பாளிக்கு 6 வருஷ இடைவெளியில் ஒரே அனுபவம். வெளி ஸ்டுடியோவின் தொடர் என்றால் ஒவ்வொரு வருஷமும் பேரம் பேசித்தான் உயிர் வாழ வேண்டும் என்பதையே இது காட்டுகிறது.

காரணம் 3: எப்போது பார்க்கிறார்கள் என்ற சிக்கல்

முதல் சீசன் திங்கள்கிழமை இரவு 10 மணிக்கு, 'தி வாய்ஸ்' என்ற சூப்பர்ஹிட் பாட்டுப் போட்டிக்குப் பின்னால் வந்தது. இரண்டாவது சீசன் ஞாயிறு இரவு 10 மணிக்குத் தள்ளப்பட்டது. மறுநாள் ஆபீஸ், ஸ்கூல் போகிறவர்கள் தூங்கப் போகும் நேரம்.

அன்று இரவே டிவியில் பார்த்தவர்களைவிட, ரெக்கார்டு செய்தும் ஆன்லைனிலும் பிறகு பார்த்த ரசிகர்கள் இந்தத் தொடருக்கு முக்கியமாக இருந்தார்கள். ஆனால் அமெரிக்க டிவி விளம்பரத்தின் கணக்கு அன்றைக்குப் பெரும்பாலும் 18 முதல் 49 வயதுக்காரர்கள் ஒளிபரப்பான நாளிலோ, அடுத்த சில நாளிலோ பார்த்தார்களா என்பதை வைத்தே ஓடியது. பிறகு பார்க்கும் ரசிகரின் அன்பு உண்மைதான். அவர் விளம்பரத்தைத் தள்ளிவிட்டுப் பார்க்கிறார் என்பதும் உண்மைதான்.

ரசிகர்கள் என்ன செய்தார்கள்?

தங்களை 'கிளாக்பிளாக்கர்ஸ்' என்று அழைத்துக்கொண்ட ரசிகர்கள், 'சேவ் டைம்லெஸ்' என்ற ஹேஷ்டேக்கில் முதல் ரத்தின்போதே குவிந்தார்கள். நடிகர்களும் எழுத்தாளர்களும் அதில் சேர்ந்தார்கள்.

இரண்டாவது ரத்துக்குப் பிறகு ஒருபடி மேலே போனார்கள். 2018 ஜூலையில் சான்டியாகோ நகரில் காமிக்-கான் திருவிழா நடந்துகொண்டிருந்தது. ஹாலிவுட் நிறுவனங்கள் எல்லாம் ஒரே இடத்தில் கூடும் நேரம். ரசிகர்கள் சொந்தமாகப் பணம் திரட்டி, 'சேவ் டைம்லெஸ்' பேனருடன் ஹெலிகாப்டரை அந்த அரங்குக்கு மேலே பறக்கவிட்டார்கள்.

அந்த மாதக் கடைசியில் அறிவிப்பு வந்தது. மூன்றாவது சீசன் இல்லை. ஆனால் கதையை முடித்துவைக்க 2 பாக இறுதி எபிசோடு உண்டு.

இது வெற்றியா, தோல்வியா? இரண்டாவது சீசனின் முடிவில் ரூஃபஸ் கொல்லப்பட்டிருந்தார். அந்தத் தொடரில் வரலாற்றின் வலியைச் சுமந்த அதே ரூஃபஸ். கதை அப்படியே நின்றிருந்தால், கறுப்பின நாயகன் செத்துக் கிடப்பதுதான் கடைசி ஞாபகமாக இருந்திருக்கும். ரசிகர்கள் கேட்டது வெறும் பொழுதுபோக்கின் நீட்டிப்பு இல்லை. அவருக்கு ஒரு நியாயமான முடிவு. அது கிடைத்தது. அந்த அளவில் இது வெற்றிதான்.

கடைசி எபிசோடு போன இடம்

'தி மிராக்கிள் ஆஃப் கிறிஸ்துமஸ்' என்ற அந்த இறுதி எபிசோடின் ஒரு பகுதி 1848 கலிபோர்னியா தங்க வேட்டைக் காலத்தில் நடக்கிறது. இன்னொரு பகுதி 1950 டிசம்பர், வடகொரியாவின் ஹங்னம் துறைமுகம்.

கொரியப் போரில் சீனப் படைகள் நெருங்கிவர, அந்தத் துறைமுகத்தில் இருந்து சுமார் 1 லட்சம் படையினரும், ஏறக்குறைய அதே அளவு பொதுமக்களும் கப்பல்களில் வெளியேற்றப்பட்டார்கள். 'மெரிடித் விக்டரி' என்ற ஒரே சரக்குக் கப்பலில் சுமார் 14,000 பேர் ஏற்றப்பட்டனர். பின்னாளில் தென்கொரிய அதிபரான மூன் ஜே-இன்னின் பெற்றோரும் அந்த வெளியேற்றத்தில் தப்பியவர்கள்தான்.

முதல் எபிசோடில் ஒரு விபத்தில் யார் பிழைத்தார் என்பது ஒரு தங்கையை இல்லாமல் ஆக்கியது. கடைசி எபிசோடில் நிஜ வரலாறே அதன் மறுபக்கத்தைக் காட்டுகிறது. அன்றைக்குக் கப்பலில் இடம் கிடைத்ததால், பின்னாளில் ஒரு நாட்டின் அதிபர் பிறந்தார்.

என்.பி.சி-யும் டைம் டிராவலும்... ராசி இல்லையா?

இதே சேனலில் இதற்கு முன்னும் பின்னும் இதே கதைதான்.

- வாயேஜர்ஸ் (1982-83): 20 எபிசோடுடன் முடிந்தது. ஒவ்வொரு எபிசோடின் முடிவிலும், மேலும் தெரிந்துகொள்ள நூலகத்துக்குப் போங்கள் என்று குழந்தைகளுக்குச் சொன்ன தொடர்.
- ஜர்னிமேன் (2007): சான்பிரான்சிஸ்கோ பத்திரிகையாளர் ஒருவர் காலத்தில் முன்னும் பின்னும் தூக்கி வீசப்படும் கதை. அதே திங்கள் இரவு 10 மணி. எழுத்தாளர்கள் வேலைநிறுத்தம் நடந்த நேரத்தில் 13 எபிசோடுடன் முடிந்தது.
- குவாண்டம் லீப், புதிய வடிவம் (2022-24): 1989 முதல் 1993 வரை 5 சீசன் ஓடிய பழைய தொடரின் தொடர்ச்சி. 2 சீசனில் நிறுத்தப்பட்டது.

ராசி எல்லாம் இல்லை. வாரம் ஒரு காலகட்டம் என்ற வடிவமே செலவு பிடித்தது. அதற்கு மேல், ஒரு எபிசோடு தவறவிட்டால் அடுத்தது புரியாது என்ற தொடர்கதை. இரண்டும் சேர்ந்தால், வாராவாரம் புதுப் பார்வையாளரைப் பிடிக்க வேண்டிய சேனல் டிவிக்கு அது பாரமாகிவிடுகிறது.

வெளியே பார்த்தால் ஸ்பெயினின் அரசு டிவியில் 2015-ல் தொடங்கிய 'எல் மினிஸ்டீரியோ டெல் டியெம்போ' 4 சீசன் வரை வந்தது. 'காலத்துக்கான அமைச்சகம்' என்று அர்த்தம். அங்கேயும் வரலாற்றைப் பாதுகாக்கக் காலம் தாண்டிப் போகும் 3 பேர் டீம்தான். எங்கள் ஐடியாவை எடுத்துவிட்டார்கள் என்று அந்தத் தரப்பு டைம்லெஸ் மீது அமெரிக்காவில் வழக்குப் போட்டது. அது பிறகு சமரசத்தில் முடிந்தது.

தொடரிலும் ஓட்டை உண்டு

டைம்லெஸ் குறையே இல்லாத தொடர் என்று சொல்லிவிட முடியாது. கதையின் பெரிய வில்லன் 'ரிட்டன்ஹவுஸ்' என்ற ரகசியக் கூட்டம். அமெரிக்காவைப் பின்னால் இருந்து ஆட்டுவிப்பவர்கள், வரலாற்றைத் தங்களுக்கு ஏற்றபடி திருத்த நினைப்பவர்கள்.

அந்தக் கூட்டத்தைத் தொடங்கியவராகத் தொடர் காட்டுவது டேவிட் ரிட்டன்ஹவுஸ் என்பவரை. இவர் நிஜ மனிதர். 18-ம் நூற்றாண்டின் மதிப்புமிக்க வானியலாளர். அமெரிக்க நாணயச் சாலையின் முதல் இயக்குநர். அவர் எந்த ரகசியக் கூட்டமும் நடத்தவில்லை.

வரலாற்றைத் திருத்தாதே என்று பேசும் தொடர், ஒரு நிஜ விஞ்ஞானியை வில்லனாக்கிவிட்டது. இது முரண்தான். இன்னொரு பிரச்னையும் இருக்கிறது. அநியாயங்களுக்கு எல்லாம் ஒரு ரகசியக் கூட்டம்தான் காரணம் என்றால், சாதாரண மக்கள் போட்ட ஓட்டு, கட்டிய சட்டம், கண்டும் காணாமல் போன மௌனம் எல்லாம் கணக்கில் இருந்து தப்பித்துவிடும். அடிமை முறையை நடத்தியது ரகசியக் கூட்டம் இல்லை. அது பகிரங்கமாக, சட்டப்படி, சந்தையில் நடந்தது.

இப்போது ஏன் முக்கியம்?

2025 மார்ச் 27-ல் அமெரிக்க அதிபர் டொனால்ட் டிரம்ப் ஓர் உத்தரவில் கையெழுத்துப் போட்டார். அமெரிக்க வரலாற்றுக்கு 'உண்மையையும் நிதானத்தையும் மீட்டெடுப்பது' என்பது அதன் தலைப்பு. நாட்டின் பெருமையைச் சொல்லாமல் குறைகளையும் இனப் பிரிவினையையும் முன்னிறுத்துகிறார்கள் என்பது அரசின் குற்றச்சாட்டு. ஸ்மித்சோனியன் அருங்காட்சியகங்கள் அதில் நேரடியாகக் குறிப்பிடப்பட்டன. 2025 ஆகஸ்டில், முதற்கட்டமாக 8 ஸ்மித்சோனியன் அருங்காட்சியகங்களின் காட்சிப் பொருட்களையும் விளக்கக் குறிப்புகளையும் மறுஆய்வு செய்யப்போவதாக வெள்ளை மாளிகை கடிதம் அனுப்பியது.

பெருமையைப் பேசினால்தான் நாடு ஒன்றாக இருக்கும் என்கிறது அரசுத் தரப்பு. இது திருத்தம் இல்லை, அழிப்பு என்கிறார்கள் எதிர்க்கும் வரலாற்று ஆய்வாளர்கள். 2026 ஜூலை 4 அமெரிக்க சுதந்திரப் பிரகடனத்தின் 250-வது ஆண்டு என்பதால் இந்தச் சண்டை இன்னும் சூடானது.

இதே 2025-ல் நடந்த இன்னும் சில விஷயங்கள்:

அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் இணையதளத்தில் இருந்து, பேஸ்பால் வீரர் ஜாக்கி ராபின்சனின் ராணுவச் சேவை பற்றிய பக்கம் காணாமல் போனது. எதிர்ப்பு கிளம்பியதும் திரும்பி வந்தது. இரண்டாம் உலகப் போரில் தங்கள் மொழியையே ரகசியக் குறியீடாகப் பயன்படுத்திய நவஹோ பழங்குடி வீரர்களின் பக்கங்களுக்கும் இதே கதி.

அடிமைகள் தப்பிச் செல்ல உதவிய ரகசியப் பாதைகள் பற்றிய தேசியப் பூங்கா சேவையின் பக்கத்தில் ஒரு பெண்ணின் பெரிய படமும் அவர் சொன்ன வாசகமும் இருந்தன. அவை நீக்கப்பட்டன. பத்திரிகைகளில் செய்தி வந்ததும், மேலிட ஒப்புதல் இல்லாமல் மாற்றப்பட்டதாகச் சொல்லி 2025 ஏப்ரலில் பழைய பக்கத்தை மீண்டும் போட்டார்கள்.

அந்தப் பெண் வேறு யாருமில்லை, ஹேரியட் டப்மன்தான். 2018-ல் டைம்லெஸ் 'ஜெனரல்' என்று கூப்பிட்ட அதே டப்மன்.

டைம் மெஷின் தேவையில்லை

டைம்லெஸில் வரலாற்றை மாற்ற வில்லன்களுக்கு அணு ஆற்றலில் ஓடும் ராட்சத மெஷின் தேவைப்பட்டது. நிஜத்தில் ஒரு இணையப் பக்கத்தைத் திருத்தும் உரிமை போதும். ஒரு படத்தை எடுத்துவிட்டு, இரண்டு வரியை மாற்றினால் வேலை முடிந்தது.

ஆனால் தொடரின் மூன்றாவது விதி நிஜத்தில் செல்லுபடி ஆகவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். தொடரில் மாற்றம் நடந்தால், மெஷினில் போன 3 பேருக்கு மட்டும்தான் பழையது ஞாபகம் இருக்கும். நிஜத்தில் டப்மனின் படம் காணாமல் போனதை நிறைய பேர் கண்டுபிடித்தார்கள். பழைய பக்கத்தின் சேமித்த பிரதி இருந்தது. கேள்வி கேட்ட பத்திரிகை இருந்தது. கம்பாஹீ ஆற்றின் கதை தெரிந்த ஆசிரியர்கள் இருந்தார்கள். அதனால்தான் படம் திரும்பி வந்தது.

தங்கை இருந்தாள் என்று தெரிந்த ஒரே ஆள் என்பதால்தான் லூசியால் யாரையும் நம்பவைக்க முடியவில்லை. அவரைப் போல இன்னும் ஆயிரம் பேருக்கு அது தெரிந்திருந்தால்?

26 எபிசோடும் ஒரு கிறிஸ்துமஸ் சிறப்பும் மட்டுமே கண்ட ஒரு தொடர், கேத்தரின் ஜான்சனையும் பாஸ் ரீவ்ஸையும் வெண்டல் ஸ்காட்டையும் கேள்விப்பட்டே இராத லட்சக்கணக்கான வீடுகளின் ஹாலுக்குக் கொண்டுபோனது. அந்தப் பெயர்களை அப்படித் தெரிந்துகொண்டவர்கள் இன்றும் இருக்கிறார்கள். தொடரை ரத்து செய்யலாம். தெரிந்துகொண்டதை ரத்து செய்வது அவ்வளவு சுலபம் இல்லை.